கிண்ணத்தில் வளர்ந்த அத்தை

என் மாமியார் என் சமையலைப் பாராட்டினார். அன்றைக்குத்தான் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டு நடப்பு தெரிந்தால் நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். அத்தை பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சிவப்புப் பேனாவைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்தாரே தவிர, பழக்கத்தைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். சாப்பிட்டு முடித்து, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு மார்க் போடுவார். "பத்துக்கு அஞ்சு. வெங்காயம் இன்னும் வதங்கணும்." "பத்துக்கு ஆறு. நேத்தைக்கு இது தேவல." ஒரே ஒரு தடவை எட்டு வாங்கியிருக்கிறேன். அன்று என் வீட்டுக்காரர் எழுந்து நின்று கை தட்டினார். பஸ் ஓட்டுகிறவர், அவருக்கு எல்லாமே சத்தமாகத்தான் வரும்.

எனக்கோ கோபம் மூக்கின் மேல். பகல் முழுக்க பார்லரில் நின்றுகொண்டே ஊரார் தலையை வெட்டிவிட்டு வந்து, வீட்டிலும் நின்று சமைத்துப் போட்டால், உட்கார்ந்து சாப்பிடுகிறவர் அஞ்சு மார்க் போடுகிறார். "அடுத்த பரீட்சைக்கு நீங்களே உட்காருங்க அத்தை!" என்று கரண்டியை வீசிவிட்டுப் போன நாட்கள் உண்டு. அவரும் அசரமாட்டார். "கோபத்துக்குத் தனி மார்க் கிடையாது" என்பார்.

அப்புறம் ஒரு காய்ச்சல் வந்தது. வீட்டில் எல்லோரையும் படுக்கப் போட்டது, எல்லோரையும் விட்டும் போனது. எழுந்து உட்கார்ந்த முதல் நாள் அத்தை என் சூப்பைக் குடித்துவிட்டு, "பத்துக்குப் பத்தும்மா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்லரில் வந்தவளுக்கெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். மறுநாளும் பத்து. அதற்கு மறுநாளும் பத்து. ஒரு நாள் அவசரத்தில் உப்புக்குப் பதில் சர்க்கரையைக் கொட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டுக் குழாயடிக்கு ஓடினார். அத்தை கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, "அருமை, பத்து" என்றார்.

அப்போதுதான் பிடிபட்டது. அவருக்கு வாசனையும் இல்லை, ருசியும் இல்லை. காய்ச்சல் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பத்து பத்தாகப் போட்டு மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார். டாக்டர், "தானா திரும்பலாம், நாளாகலாம், வாசனையா எதையாவது மோந்து பழக்குங்க" என்றார். எலுமிச்சை, காப்பித்தூள், சோப்பு என்று எதை நீட்டினாலும் அத்தை மரியாதையாக மோந்து பார்த்து, "நல்லா இருக்கு" என்பார். மூஞ்சியில் ஒன்றும் அசையாது. உடம்பும் இளைத்துக்கொண்டே வந்தது. காகித அட்டையைத் தின்பதுபோல் இருந்தால் யார்தான் சாப்பிடுவார்கள்?

காய்கறிக்கடை அக்கா ஒரு பொட்டலம் சிப்பிக் காளான் கொடுத்தாள். "புதுசா ஒருத்தர் வீட்டுல வளர்த்துக் கொண்டாந்து போடுறாரு, எடுத்துட்டுப் போய்ப் பாரு" என்றாள். சாம்பல் நிறம், தடித்த மடல், கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தது. வெண்ணெயில் வதக்கி மிளகு போட்டு வைத்தேன். அத்தை ஒரு துண்டை வாயில் போட்டார். மெல்லுவது நின்றது. கண்ணை மூடினார். இன்னொரு துண்டு போட்டார்.

"ஏழு" என்றார். "மிளகு தூக்கல்."

என் கொழுந்தன் லிப்ட் மெக்கானிக், எதற்கும் உணர்ச்சிவசப்படாத ஆள். அவனே, "அம்மா, இன்னொரு தடவ சொல்லும்மா" என்றான். ஏழு மார்க்குக்கு ஒரு குடும்பமே அழுததை நீங்கள் எங்கேயும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் கடைக்கு ஓடினேன். அக்கா உதட்டைப் பிதுக்கினாள். "நேத்து போட்டதுதான் கடைசி. அவரு வீட்டைக் காலி பண்ணிட்டு மக ஊருக்குப் போயிட்டாரு. போன் நம்பரா? நான் எங்க கேட்டேன்?" வேறு மூன்று கடைகளில் சிப்பிக் காளான் வாங்கினேன். வதக்கினேன். எல்லாவற்றுக்கும் பத்து. எனக்கு அந்தப் பத்தைக் கேட்டாலே எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் நாள் பொட்டலத்தில் சமைக்காமல் மிஞ்சியது சிறு கொத்து ஒன்றுதான். அதிலிருந்து மறுபடி வளர்த்துவிடலாம் என்று போனில் ஒரு வீடியோ சொன்னது. காளானின் உள்சதையில் ஒரு சிட்டிகை எடுத்து, அகார் என்கிற கடற்பாசிக் கூழை ஊற்றி உறையவைத்த கிண்ணத்தில் வைத்தால், அதிலிருந்து வெள்ளை வெள்ளையாக இழை கிளம்பும். இழையைக் கோதுமையில் ஏற்றி, கோதுமையை வைக்கோலில் கலந்தால் காளான். கேட்க எவ்வளவு சுலபம்!

உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரில் சர்க்கரையும் அகாரும் கரைத்து, மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றி, பிரஷர் குக்கரில் வைத்து எடுத்தேன். கொழுந்தன் பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் கை நுழைய இரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தான். காற்று அடிக்காமல் அதற்குள்தான் கையை விட்டு வேலை செய்ய வேண்டும். கத்தியைச் சுடரில் காட்டுவதும், ஸ்பிரிட் போட்டுத் துடைப்பதும் எனக்குப் பழக்கம்தான். பார்லர்காரியிடம் சுத்தத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அப்படியும் அத்தனை கிண்ணமும் கெட்டுப்போனது. காளான் ஏற்கெனவே பழசு. சதையைச் சுற்றிக் கொழகொழவென்று ஏதோ கசிந்து நாறியது. கொத்தையும் கண்டதுண்டமாக வெட்டித் தீர்த்தாயிற்று. நான் அந்தப் பெட்டியின் மேலேயே தலையைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணி!" கொழுந்தன் வாசலிலிருந்து கத்தினான். "என் டூல்ஸ் பெட்டி மேல யாரு பவுடர் கொட்டினது?"

போய்ப் பார்த்தேன். அவனுடைய கறுப்புப் பெட்டியின் மூடியில், சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி வரிவரியாக வெள்ளைத் தூள். வெட்டும்போது ஒரு மடலை அங்கே வைத்துவிட்டு மறந்திருக்கிறேன். காய்ந்து சுருங்கிய மடல் பக்கத்திலேயே கிடந்தது. அது பவுடரா? காளானின் வித்து! அவன் துடைக்கத் துணியை எடுத்தான். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

ஆனால் இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. சதையிலிருந்து வளர்த்தால் அதே காளான், அச்சு அசல். வித்திலிருந்து வருவதோ அதன் பிள்ளைகள். ஒன்று அம்மா மாதிரி இருக்கும், ஒன்று யார் மாதிரி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அந்த ருசி எந்தப் பிள்ளைக்குப் போயிருக்கிறதோ, அதைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

தூளை ஊசிமுனையில் தொட்டு அகார் மேல் இழுத்தேன். சில நாட்களில் வெள்ளை கிளம்பியது. ஒவ்வொரு பக்கம் ஒவ்வொரு குணம். வேறு வேறாகத் தெரிந்த இடங்களில் நுனியை மட்டும் வெட்டி, தனித்தனிக் கிண்ணத்துக்கு மாற்றினேன். பின்னால் எது எது என்று குழம்பாமல் இருக்கப் பேர் வைக்க வேண்டுமே. குணத்தைப் பார்த்து வைத்தேன். பஞ்சுப்பொதி மாதிரி உப்பி, ஒரே ஓட்டமாக ஓடியது ஒன்று. அது 'கொழுந்தன்'. பாதிக் கிண்ணம் வரை வந்துவிட்டு, அப்பாடா என்று படுத்துக்கொண்டது ஒன்று. அது 'அவர்'. மூன்றாவது ஒட்டி உலர்ந்த மெல்லிய நரம்பு நரம்பாக, யாரையும் கேட்காமல், வளையாமல் நேர்க்கோட்டில் மெதுவாகப் போனது. அதன் மூடியில் 'அத்தை' என்று எழுதினேன். எழுதும்போது கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்து நான் செய்ததுதான் பைத்தியக்காரத்தனம். வருஷக்கணக்காகத் தலைமுடி பார்க்கிற கண் இது. அடர்த்தியைப் பார்த்தால் மயங்கிவிடும். 'கொழுந்தன்' கிண்ணத்தைப் பார்க்கும்போதெல்லாம், அடடா என்ன புசுபுசு என்று உள்ளம் குளிர்ந்துபோகும். 'அத்தை'யோ எண்ணெய் காணாத கூந்தல் மாதிரி நாலு இழை. அதில் ஒரு மூலையில் பச்சைப் பூஞ்சையும் எட்டிப் பார்க்கவே, மூடியோடு குப்பைக்கூடையில் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் பார்லரிலிருந்து வந்தால், சாப்பாட்டு மேசையில் அந்தக் கிண்ணம். எதிரே அத்தை கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"குப்பைல என் பேரு போட்டுக் கிடந்துச்சு" என்றார்.

என் வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்தார். தாள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

"அது... உங்க பேரு இல்ல அத்தை... அதாவது உங்க பேருதான்..."

"மத்தவங்க எங்க?"

பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஈரம் நிற்கட்டும் என்று இரண்டாவது பாத்ரூமை நான்தான் பிடித்து வைத்திருந்தேன். 'கொழுந்தன்', 'அவர்' இரண்டையும் அத்தை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். 'அவர்' முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "இது சரியாத்தான் வெச்சிருக்க" என்றார். பிறகு தன் கிண்ணத்தை நீட்டினார். "என்னை ஏன் தூக்கிப் போட்ட?"

"மெதுவா வளருது. பச்சை வேற புடிச்சிருக்கு."

"ஒரு மூலைலதான புடிச்சிருக்கு? மீதிப் பக்கம் சுத்தமாத்தான இருக்கு? ஒரு கேள்விக்குத் தப்பா எழுதினான்னு பையனையே ஸ்கூலை விட்டுத் துரத்துவியா?"

பெட்டிக்குள் கையை விட்டு, பச்சைக்கு எட்டாத தூரத்தில் முன்னால் ஓடிப்போயிருந்த இழையின் நுனியை, கடுகளவு வெட்டிப் புதுக் கிண்ணத்துக்கு மாற்றினேன். அங்கேயும் கொஞ்சம் பச்சை கூடவே வந்தது. மறுபடி நுனி, மறுபடி புதுக் கிண்ணம். கடைசியில் சுத்தமானது. அத்தை தினமும் காலையில் பல் தேய்க்கும் சாக்கில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நான் இன்னைக்கு ஒரு விரக்கடை நகர்ந்திருக்கேன்" என்று அறிவிப்பார்.

முதலில் கோதுமையில் ஏறி வைக்கோல் பைக்குப் போனவை 'கொழுந்தனும்' 'அவரும்'தான். 'கொழுந்தன்' பை முழுக்க வெளுத்து, பார்க்க அப்படி ஒரு ஜோர். காளான் என்று வந்தபோது நகத்தளவு நாலு. நிஜக் கொழுந்தன் அதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. 'அவர்' பரவாயில்லை, ஒரு கை நிறையக் கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பரீட்சை வைத்தேன். மூன்று சின்னத் தட்டு. ஒன்றில் 'கொழுந்தன்', ஒன்றில் 'அவர்'. மூன்றாவதில், யாரிடமும் சொல்லாமல், கடையில் வாங்கிய ஏதோ ஒரு காளானை வெறும் தண்ணீரில் வேகவைத்து உப்பில்லாமல் வைத்தேன். எது எது என்று அத்தைக்குச் சொல்லவில்லை.

முதல் தட்டு. "பத்து." இரண்டாவது. "பத்து." மூன்றாவதை மென்றார். என் முகத்தைப் பார்த்தார். கண்ணை மூடினார், அன்றைக்கு மூடினமாதிரியே.

"இதுதாம்மா! இதேதான்! கண்டுபுடிச்சிட்ட!"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "பொய் சொல்லாதீங்க அத்தை!" என்று மேசையில் அடித்தேன். தட்டு மூன்றும் குதித்தன. "அது வெறும் தண்ணில வெந்தது! உப்புக்கூட இல்ல! எதுக்கு இப்படி ஏமாத்துறீங்க? நான் என்ன சின்னப் புள்ளையா?"

அத்தை கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமா, பொய்தான்" என்றார். "எனக்கு எதுவுமே தெரியல. மூணும் ஒண்ணுதான். நீ என் வாயையே பாத்துட்டு நிக்கிற. வேலைக்குப் போயிட்டு வந்து, ராத்திரி முழுக்க அந்தப் பெட்டிக்குள்ள கைய விட்டுட்டு, எனக்காகத் தவம் கெடக்குற. அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்படிம்மா குறைச்சுப் போடுறது?"

"இத்தனை வருஷம் போட்டீங்களே!"

"அப்ப ருசி தெரிஞ்சது. தெரிஞ்சாத்தான் குறை சொல்ல எனக்கு உரிமை. இப்ப நான் யாரு, உன் சாப்பாட்டுல குறை சொல்றதுக்கு?" அவர் குரல் உடைந்தது. நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு குரலை அவரிடம் கேட்டதில்லை. "அன்னைக்கு ஏழு போட்டேன் பாரு, அது மட்டும் நெசம். அதுக்கப்புறம் எல்லாம் மூடின மாதிரி ஆயிடுச்சு. இனிமே வரவே வராதோன்னு பயமா இருக்கும்மா."

நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் தலைமுடியைக் கோதிவிட்டேன். எனக்குத் தெரிந்தது அதுதானே. கொஞ்ச நேரம் கழித்து ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். இனி நான் மார்க் கேட்கமாட்டேன், அவரும் போடக்கூடாது. பத்தும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். சாப்பிட முடிந்ததைச் சாப்பிடட்டும்.

"காளானை நிறுத்திடலாமா?" என்று என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். அவருக்குப் பாத்ரூம் கவலை.

"நான் இன்னும் பையிலதான இருக்கேன்?" என்றார் அத்தை. "என்னை முடிச்சுட்டு நிறுத்துங்க."

'அத்தை' பை அவசரப்படவில்லை. வைக்கோலில் இறுக்கமாக, கயிறு பின்னியதுபோல் பிடித்துக்கொண்டு கிடந்தது. நான் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துவிட்டு, எதிர்பார்க்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வருவேன். ஒரு நாள் பையின் ஓட்டையில் குண்டூசித் தலைகள் மாதிரி சாம்பல் மொட்டுகள். அப்புறம் கேட்கவேண்டுமா! ஒவ்வொரு ஓட்டையிலும் தடித்த மடலாகக் கொத்துக் கொத்தாகத் தள்ளியது. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இன்னொரு பரீட்சையைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. பறித்து, நறுக்கி, எல்லோருக்கும் சாயங்காலச் சாப்பாடு என்று சட்டியில் வெண்ணெயைப் போட்டு வதக்க ஆரம்பித்தேன்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் டியூட்டி முடிந்து வந்து சமையலறை வாசலில் நின்றார். "பை முடிஞ்சதா? பாத்ரூமை எப்பத் தருவ? நானும் தம்பியும் காலைல வரிசைல நிக்கிறோம்."

"நின்னா என்ன? உங்க பஸ்ஸுக்கு ஊரே வரிசைல நிக்குது!"

"அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?"

சம்பந்தத்தை நான் விளக்க ஆரம்பித்தேன். அது கொஞ்சம் நீண்டுவிட்டது. நடுவில் எனக்கு அவர் துண்டைப் போடும் இடம், செருப்பை விடும் இடம் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன.

"ஏய்!" கூடத்தின் மறுகோடியில், கதவு சாத்தின அறைக்குள்ளிருந்து அத்தையின் குரல். "அடுப்புல என்னத்தைக் கருக விட்டுட்டு அங்க சண்டை போட்டுட்டு இருக்கீங்க?"

"இதோ பாக்குறேன் அத்தை!" என்று பழக்கதோஷத்தில் கத்திவிட்டுச் சட்டியைத் தூக்கினேன். அடியில் பழுப்பேறிப் பிடித்துக்கொண்டிருந்தது. கரண்டியால் சுரண்டும்போதுதான் என் கை நின்றது. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த எங்கள் இரண்டு பேருக்குமே சண்டை மும்முரத்தில் அந்த வாசனை வந்திருக்கவில்லை.

கதவு திறந்தது. அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவருக்கும் பாதி வழியில்தான் உறைத்திருக்க வேண்டும். நடை மெதுவாகி, சமையலறை வாசலில் நின்று, குழந்தை மாதிரி மூக்கை உறிஞ்சினார்.

"வெண்ணெய்" என்றார். "அன்னைக்கு வந்த காளான் வாசனை. அப்புறம் கருகல்." என் பக்கம் குனிந்தார். "உன் மேல அந்தப் பார்லர் ஸ்ப்ரே. இத்தனை நாளா இந்த நாத்தத்தோடயா சுத்திட்டு இருக்க?"

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கொழுந்தனுக்குப் போன் போட்டால், லிப்டுக்குள் இருக்கிறேன் என்றவன் லிப்டை அப்படியே நிறுத்திவிட்டுப் பேசினான். உள்ளே யாரோ திட்டுவது கேட்டது.

அத்தை மேசையில் உட்கார்ந்தார். நான் தட்டை வைத்தேன். ஒப்பந்தம் ஞாபகம் இருந்ததால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, அடுப்பைத் துடைப்பதுபோல் திரும்பி நின்றேன். பின்னால் மெல்லுகிற சத்தம். வெகுநேரம் மென்றார். தண்ணீர் குடித்தார். வாயைத் துடைத்தார்.

"நீ கேக்கல" என்றார். "நானாத்தான் சொல்றேன். நாலு."

நான் திரும்பினேன். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது.

"நாலுதான். அடி பிடிச்சிருக்கு, உப்பு ஒரு பக்கமா நிக்குது, வெண்ணெயும் கஞ்சத்தனம். ஏன் அழற? நாலுக்கெல்லாம் அழுதா எப்படி, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று சொல்லும்போதே அவருக்கும் கண் நிறைந்துவிட்டது.

"பாத்ரூம்..." என்று ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர்.

"வாயை மூடுடா" என்றார் அத்தை. "அங்க நான் இருக்கேன்."

பிறகு தட்டை என் பக்கம் தள்ளி, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். கருகின இடமாகப் பார்த்து ஒதுக்கிவிட்டு, சட்டியில் இருந்ததையெல்லாம் அவர் தட்டிலேயே போட்டேன்.